உட்கரு இல்லாத பன்னிரண்டு செல்கள்

எனக்குப் பதற்றம் வந்தால் வாய் சும்மா இருக்காது. ஒன்று பேசும், இல்லாவிட்டால் மெல்லும். திருவொற்றியூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இருபது வருஷமாக உயிரியல் நடத்துகிறேன். பேசுவதற்குச் சம்பளம் வருகிறது. மெல்லுவதற்குச் சர்க்கரை நோய் வந்தது.

அந்த வியாழக்கிழமை காலையில் எனக்கு இரண்டுமே கட்டுப்படவில்லை. எங்கள் ஆய்வகத்தைப் பார்க்கப் பதினோரு மணிக்கு ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. ஆய்வகம் என்றால் இரண்டு நீள மேசை, ஒரு நுண்ணோக்கி, இடது கை இல்லாத ஓர் எலும்புக்கூடு. சுற்று வட்டாரப் பள்ளிகளுக்கான சீருடை மூட்டைகளையும் புத்தகக் கட்டுகளையும் அடுக்கக் கல்வித் துறையினர் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். அறை உபயோகத்தில் இல்லை என்று அதிகாரி எழுதிவிட்டால், மூட்டை உள்ளே. எலும்புக்கூடும் நானும் வெளியே.

உபயோகத்தில் இருப்பதைக் காட்ட ஒன்பதாம் வகுப்பை வைத்துச் செல் மாதிரிகள் செய்வதென்று முடிவெடுத்தேன். வழக்கமாக எங்கள் பிள்ளைகள் ஃபேன்சி ஸ்டோரில் ரெடிமேடாகத் தொங்கும் தெர்மாகோல் செல்லை வாங்கிவந்து, பெயர் எழுதி ஒட்டிக் கொடுப்பார்கள். நானும் மதிப்பெண் போடுவேன். கடைக்காரருக்குத்தான் போட்டிருக்க வேண்டும். இந்த முறை அது வேண்டாம், கையால் செய்ய வேண்டும் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். காரணம், ஏதோ குளிர் தேசத்து ஆசிரியை ஜெலட்டின் கரைத்து, கண்ணாடி மாதிரி சைட்டோபிளாசம் செய்யும் வீடியோவைப் பார்த்துத் தொலைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை பார்த்தோம். காலையில் வீட்டு ஃபிரிட்ஜில் இறுகிய என் செல், கல்மண்டபத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து சேர்வதற்குள் தளர்ந்து, வருகைப் பதிவு எடுத்து முடிப்பதற்குள் டிபன் பாக்ஸில் குளமாகிவிட்டது. மைட்டோகாண்ட்ரியாவாக நான் போட்டிருந்த உலர்திராட்சைகள் அடியில் மூழ்கிக் கிடந்தன.

"இன்னா சார், உன் செல்லு பாயசம் ஆய்ட்ச்சு" என்றான் முதல் பெஞ்சில் ஒருவன்.

"முந்திரிதான் கம்மி சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சன்னலோரம் உட்கார்ந்திருந்த மாணவி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "கடல்பாசி போடு சார். நோன்பு மாசத்துல எங்கம்மா தெனம் காச்சும். வெயில்ல வெச்சாகூட அசையாது."

கடல்பாசி. அகார் அகார் எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று இருபது வருஷமாக ஒரு மதிப்பெண் கேள்வி கேட்டுவருகிறேன். எங்கள் தெரு மளிகைக் கடையில் வெள்ளை நாராகக் கட்டித் தொங்குவதும் அதுவும் ஒன்றுதான் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. விடைத்தாளில் 'கடற்பாசி' என்று எழுதியவர்களுக்குச் சரி போட்டுக்கொண்டே, நோன்பு மாதத்தில் அடுத்த வீட்டிலிருந்து வரும் கிண்ணத்தைச் சர்க்கரையையும் மறந்து வழித்துத் தின்றிருக்கிறேன்.

வியாழன் காலை பத்து மணிக்கு மேசை மேல் பன்னிரண்டு டிபன் பாக்ஸ் மூடிகளில் பன்னிரண்டு செல்கள் விறைப்பாக நின்றன. சேமியா, கோல்கை உறுப்பு. ஜவ்வரிசி, ரைபோசோம். திராட்சை, பழையபடி மைட்டோகாண்ட்ரியா. நட்டநடுவில் பள்ளிக்கூட வாசல் கடையில் வாங்கிய சிவப்புத் தேன் மிட்டாய், உட்கரு. வேண்டுமென்றே தட்டிப் பார்த்தேன். குலுங்கியது, கலங்கவில்லை.

பதினொன்று ஆனது. அதிகாரி வரவில்லை. பன்னிரண்டரைக்குத் தலைமையாசிரியை எட்டிப் பார்த்து, "கண்டெய்னர் லாரி வரிசையில மாட்டிக்கிட்டாராம் சார், எண்ணூர் ரோடு அசையலையாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊரில் இதற்கு யாரும் அதிர்ச்சியடைவதில்லை. நான் சன்னலுக்கும் மேசைக்கும் நடந்தேன். உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. எழுந்தால் கை எதையாவது தேடியது. நான்காவது செல்லில் உட்கரு லேசாக ஓரம் சாய்ந்திருந்தது. நிமிர்த்தி வைக்கலாம் என்றுதான் எடுத்தேன். அம்மா மேல் சத்தியமாக, நிமிர்த்தத்தான்.

முப்பத்தாறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது, அது தொண்டையில் இறங்கிய பிறகுதான் உறைத்தது.

"சாரே துன்ட்டாரு" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அனுமதி அறிவிப்பு மாதிரி அது பெஞ்சு பெஞ்சாகப் போனது. அதட்ட வாய் திறந்தால் மிட்டாய் வாசனை வருமே என்று மூடிக்கொண்டேன். மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தபோது பதினோரு செல்களின் நடுவிலும் ஒரு பள்ளம்தான் இருந்தது. பன்னிரண்டாவதில் மட்டும் மிட்டாய் இருந்தது. அது நோன்புக் கடல்பாசி மாணவியின் குழுவினுடையது. அவள் மூடியைக் கையால் மறைத்துக்கொண்டு காவல் காத்திருந்தாள்.

மூன்றரை மணிக்கு அதிகாரி வியர்வையோடு வந்தார். மேசையை ஒரு சுற்று சுற்றினார்.

"என்ன சார், எதுலயுமே உட்கருவைக் காணோம்?"

நான் எலும்புக்கூட்டின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த மாணவி எழுந்தாள். இன்னும் கையால் மறைத்திருந்த தன் மூடியிலிருந்து தேன் மிட்டாயைச் சத்தமில்லாமல் எடுத்து வாயில் அடக்கிக்கொண்டு, கன்னம் உப்பச் சொன்னாள்:

"இதெல்லாம் ரத்தச் செவப்பணு சார். அதுக்கு உட்கரு கெடியாது."

"பன்னெண்டுமா?"

"ஆமா சார்."

"சிவப்பணுவுல மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாதேம்மா. திராட்சை கிடக்குது?"

அவள் மிட்டாயை மறு கன்னத்துக்குத் தள்ளினாள். "அத்தயும் துன்றதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க சார்."

வகுப்பு வெடித்தது. அதிகாரி சிரித்தாரா, இருமினாரா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை. கோப்பை மேசை மேல் வைத்துக் குனிந்து எழுதினார். எழுதும்போதே கையை உதறினார். அப்போதுதான் பார்த்தேன், பள்ளம் பள்ளமாக எறும்பு. எலும்புக்கூட்டின் விலா வழியாக இறங்கி, மேசைக் கால் வழியாக ஏறி, கோப்புக்குள் போய்க்கொண்டிருந்தது.

அவர் போன பிறகு தலைமையாசிரியை எனக்குப் பதிவேட்டைக் காட்டினார். இரண்டே வரி. 'அறை பயன்பாட்டில் உள்ளது. எறும்புத் தொல்லை மிகுதி. துணி, புத்தகம் வைக்க உகந்ததல்ல.'

மூட்டைகள் வேறு பள்ளிக்குப் போயின. அறிவியல் ஜெயித்தது என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. மறுநாள் தலைமையாசிரியை எறும்புப் பொடி டப்பா ஒன்றைக் கொடுத்து, மூலை முடுக்கெல்லாம் தூவச் சொன்னார். அது என் மேசை இழுப்பறையில், உடைக்காத சீலோடு, இன்னும் பத்திரமாக இருக்கிறது.