காவல்காரனின் பலம்

மகள் சிநேகிதிகளோடு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை விளையாட்டு நடத்திக்கொண்டிருந்தாள். "கோட்டை வாசல்ல நிக்கிற காவல்காரனுக்கு எவ்வளவு பலம்?" என்று ஒருத்தி கேட்டாள். விளையாட்டின் விதிப் புத்தகத்தைப் புரட்டாமலே "ஏழு" என்றாள் மகள். எனக்குச் சுருக்கென்றது.

எண்பதுகளில், நான் சிறுமியாக இருந்தபோது, பேகம்பூரில் எங்கள் தெரு மும்தாஜும் இப்படித்தான் சொல்வாள். ஒரு பக்கம் தேய்த்த பத்துப் புளியங்கொட்டைகளைச் சலசலவென்று தரையில் வீசுவோம். எதிராளியின் பலத்தைவிட அதிக வெள்ளை விழுந்தால் வெற்றி. நான் கதை நடத்தினால் நோட்டைப் பார்த்துப் பலம் சொல்வேன்; பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அவள் வாயில் வந்ததைச் சொல்வாள். தெருவே அவளைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். அவள் பாவாடையில் ஆட்டு வாடை அடிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். ஒருத்தியும் நகரவில்லை.

வயிறு எரிந்தது. அவளை மாட்டிவிடவே அவள் சொன்ன எண்களையெல்லாம் என் நோட்டில் குறித்து வந்தேன். ஒருநாள் காவல்காரனுக்கு எட்டு என்றாள். பாய்ந்தேன்.

"போன வாரம் அஞ்சுன்னியேடி!"

அவள் வாப்பா அய்யலூர்ச் சந்தையில் ஆட்டு வியாபாரி. இடுப்பைப் பிடித்துப் பார்த்தே ஆட்டின் எடையைச் சொல்லிவிடுவார். மகளும் அசரவில்லை.

"அன்னைக்கு அவன் பட்டினிடி. இன்னைக்கு வயிறு முட்டத் தின்னுட்டு நிக்கிறான். தண்ணி காட்டிக் கூட்டியாந்தா ஆடு எடை கூடாதா?"

பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் நோட்டில் ஐந்தை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினேன்.

மேஜையில் பகடை மறுபடி உருண்டது. நான் எழுந்துபோய்க் காலண்டர் ஓரத்தில் 'காவல்காரன், ஏழு' என்று குறித்து வைத்தேன். அடுத்த வாரம் என்ன சொல்கிறாள், பார்க்கிறேன்.