ஒன்றாம் வகுப்பின் சீரக வெள்ளம்

பள்ளிக்கூடத்தில் குடிதண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், மூடியுள்ள பாத்திரத்தில் இருக்க வேண்டும், கை படாமல் மொண்டு கொடுக்க வேண்டும், இவற்றுக்குத் தலைமையாசிரியரே பொறுப்பு என்று விதி சொன்னது. நல்ல விதி. பாத்திரத்தை யார் தருவது, தண்ணீர் எங்கிருந்து வருவது என்பதை மட்டும் சொல்லவில்லை. பின்னாளில் அலுவலகத்தில் உட்கார்ந்து நானே இப்படிப்பட்ட விதிகளை எழுதியிருக்கிறேன். விட்டுப்போவது எப்போதும் அந்த இடம்தான்.

1950இல் புதுக்கடைக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு நான் டீச்சர். பள்ளிக் கிணறு மழையில் இடிந்து தூர்ந்து கிடந்தது. பாடத்திட்டத்தில் சுகாதாரம் இருந்தது. எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். "எந்த வெள்ளம் குடிக்கணும் மக்களே?" என்று கேட்பேன். "காச்சின வெள்ளம்!" என்று ஓடு அதிரக் கத்துவார்கள். மணி அடித்ததும் மொத்த வகுப்பும் பின்பக்கத்துத் தோட்டுக்கு, அதாவது ஓடைக்கு, ஓடும். மாடு குளிப்பாட்டுகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே குனிந்து, இரண்டு கையாலும் அள்ளிக் குடிக்கும். பரீட்சை வைத்திருந்தால் அத்தனை பேருக்கும் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

அந்த வகுப்பில் ஒரு பெண்குட்டி. சிலேட்டில் எழுதியதை அழிக்க மனம் வராமல் வீடு வரைக்கும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போவாள். அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்து படுத்துவிடுவாள். அவளுடைய அம்மா கயிறு திரிக்கிறவள். ஒருநாள் வேலை நேரத்தில் வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சரே, ஒங்க பாடத்தில உள்ள வெள்ளம் எங்க கிடக்கு? எனக்க பிள்ளை குடிச்சது தோட்டு வெள்ளமாக்கும்."

"நான் சொல்லித்தான் குடுக்கேன். அதுகள் கேக்கணுமே."

"நாக்கு வறண்டா பாடமா ஞாபகம் வரும்? இன்னும் ஒருக்க வயித்தால போச்சுண்ணா நான் பிள்ளையை விடமாட்டேன். எனக்க கூடயிருந்து கயிறு திரிக்கட்டும்."

வெறும் மிரட்டல் இல்லை. அந்தக் குட்டியின் அக்காவை இப்படித்தான் இரண்டாம் வகுப்பில் நிறுத்தினாள். அவள் பிறகு பள்ளிப் பக்கம் திரும்பவே இல்லை.

தண்ணீர் காய்ச்ச ஓர் அண்டாவும் விறகும் வேண்டும் என்று அன்றே மனு எழுதினேன். எங்கள் பக்கம் அப்போது திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்தது; மேலே போகிற காகிதம் மலையாளத்தில் இருந்தால்தான் நகரும் என்பதால் மலையாளத்தில். உரிய வழியாக, அதாவது தலைமையாசிரியர் வழியாக, திருவனந்தபுரத்துக்கு. அஞ்சல்காரர் எடுத்துப்போனார்.

"எழுதிக் கேட்டாச்சுல்லா டீச்சரே, இனி பதில் வரட்டும். அதுவரை நாம ஒண்ணும் செய்யப்பிடாது" என்றார் தலைமையாசிரியர்.

"அந்தப் பிள்ளை வயித்துக்கும் அதைச் சொல்லிருங்க சார்" என்றேன்.

காத்திருக்க எனக்கு உத்தேசம் இல்லை. சந்தையில் ஒரு பெரிய மண்பானை வாங்கினேன். பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கச் சம்மதம் வாங்கினேன். பிள்ளைகளிடம் எதையும் கேட்டு வாங்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. ஆனால் தோட்டவேலை என்று ஒரு பீரியடும் உண்டு. பள்ளி வளவில் விழுந்து கிடக்கும் தென்னமட்டையையும் காய்ந்த பாளைக் கொதும்பையும் பொறுக்கி ஓரிடத்தில் சேர்ப்பது தோட்டவேலைதான். சேர்ந்த இடத்தில் நான் அடுப்பு மூட்டினேன்.

காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைப் பிள்ளைகள் முகம் சுளித்துக்கொண்டு குடித்தார்கள். மறுநாள் பாதி வகுப்பைக் காணோம். அந்தக் குட்டியும் வரவில்லை. எங்கள் ஊரில் யாருக்கு வெள்ளம் காய்ச்சிக் கொடுப்பார்கள் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. காய்ச்சலில் கிடப்பவர்களுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும்தான். முதல் வகுப்பில் ஒருவரும் பிள்ளை பெற்றிருக்கவில்லை. ஆகவே பள்ளிக்கூடத்தில் ஏதோ நோய் பரவியிருக்கிறது, தீனத்தை டீச்சர் மறைக்கிறாள் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது.

குட்டியின் வீட்டுக்குப் போனேன். அம்மா கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தீனம் இல்லேண்ணா பின்ன எதுக்குக் காச்சுதிய?"

"தீனம் வராம இருக்கதுக்கு."

"வராத்த தீனத்துக்கு மருந்தா? நல்ல கூத்து!" பக்கத்தில் திரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். குட்டி கதவுக்குப் பின்னால் நின்று சிலேட்டோடு என்னையே பார்த்தாள்.

தோற்றுவிட்டதாக எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போகும் பழக்கம் எனக்கு இல்லை. வழியெல்லாம் யோசித்தேன். இதே பெண்கள், தீனம் எதுவும் இல்லாமல், காய்ச்சின வெள்ளத்தை எங்கே வாங்கிக் குடிக்கிறார்கள்? கல்யாணப் பந்தியில். இலைக்குப் பக்கத்தில் சீரகம் போட்டு இளஞ்சூடாக ஊற்றுவார்கள். எதற்குக் காய்ச்சினாய் என்று அங்கே ஒருத்தியும் கேட்டதில்லை.

மறுநாள் பானையில் ஒரு பிடி சீரகம் போட்டேன். வாசனை வகுப்புக்குள் வந்ததுமே ஒருவன் எழுந்து நின்றான்.

"டீச்சரே, கல்யாண வெள்ளம்! சோறு எப்போ?"

"வெள்ளம் மட்டுந்தாம்ல. உக்காரு."

அன்று பானை காலி. இருந்தவர்கள் போய் வராதவர்களிடம் பெருமையடித்தார்கள். அடுத்தடுத்த நாள்களில் பெஞ்சுகள் நிறைந்தன. குட்டியை அவள் அம்மாவே கையைப் பிடித்து அழைத்து வந்தாள். பானைக்குப் போய், தானே மொண்டு, அண்ணாந்து ஒரு வாய் குடித்தாள்.

"சீரகம் கொறவாக்கும்" என்றாள். பிறகு மகளை உள்ளே தள்ளிவிட்டு, "போட்டீ, போய் இரி" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு நான் அங்கிருந்த வருடங்களில் பானை ஒருநாளும் அடுப்பேறாமல் இருந்ததில்லை. மண்பானை உடையும், இன்னொன்று வாங்குவேன். வருடந்தோறும் பள்ளி திறந்ததும் திருவனந்தபுரத்துக்கு ஒரு நினைவூட்டு. பதில் வரும் என்று நம்பி அல்ல, கேட்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று. அந்தக் குட்டி ஐந்தாம் வகுப்பு முடித்து, அடுத்த ஊர்ப் பள்ளிக்கு நடந்து போகத் தொடங்கினாள். வயிற்றுக்காக அவள் படிப்பு நிற்கவில்லை.

அஞ்சல் என்ற பழைய சமஸ்தான இலாகாவே ஒழிந்து, அதன் இடத்தில் இந்தியத் தபால் வந்திருந்தது. அந்தத் தபாலில்தான் ஒருநாள் பதில் வந்தது. மனு பரிசீலனையில் இருக்கிறது, கோரப்படும் அண்டாவின் கொள்ளளவைத் தெரிவிக்கவும் என்றது. தெரிவிக்கலாம்தான். ஆனால் முந்தின வியாழக்கிழமைதான் எங்கள் தாலுக்கா திருவனந்தபுரத்தை விட்டு மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்திருந்தது. உறையின் மேல் தேதியைக் குறித்து, அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்ததால் அதை மேசையில் வைத்துவிட்டுப் போனேன். வந்து சேர்ந்த நாள்: 1956 நவம்பர் ஐந்து, திங்கட்கிழமை.