குற்றாலத்துக்குப் பிடித்த கார்

குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்று கேள்விப்பட்டால் இராஜபாளையத்தில் பாதிப் பேருக்கு இருப்புக் கொள்ளாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வருஷா வருஷம் ரயிலேறித் தென்காசியில் இறங்கி, குதிரை வண்டி பிடித்துப் போய், ஆசை தீரக் குளித்துவிட்டு வருவோம், அக்காவைத் தவிர.

சிறு வயதில் வந்த காய்ச்சலில் அக்காவுக்கு இடது கால் சூம்பிப் போயிற்று. கம்பு ஊன்றித்தான் நடப்பாள். ரயில் படி உயரம், ஸ்டேஷனில் கூட்டம், அருவிக்கரையில் வழுக்கும் என்று ஒவ்வொரு வருஷமும் அம்மா ஒரு காரணம் சொல்லுவாள். கடைசியில், "என்னைக்காவது ஒரு காரு வச்சுக்கிட்டுப் போவோம், அப்ப நீயும் வா" என்பாள். அக்காவும் தலையாட்டுவாள். நாங்கள் திரும்பக் கொண்டுவரும் ஈரத்துணியை அவள்தான் உலர்த்துவாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், அதுவரை அருவியைக் கண்ணால் பார்த்ததில்லை.

நான் பஞ்சு மில் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், இந்தத் தடவை கார் பிடித்தே தீருவது என்று அம்மா பிடிவாதமாக நின்றாள். அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் குமாஸ்தா. கோர்ட்டுக்கு எதிரே ஒருவர் வக்கீல்களுக்கு வாடகைக்குக் கார் விட்டுக்கொண்டிருந்தார்.

"வக்கீலுங்களே ரெண்டு மூணு பேராச் சேந்துதான் அதுல போறாவ. நமக்கு எதுக்கு? ரயில்ல மெதுவா ஏத்திக்கிடலாம்" என்றார் அப்பா.

"அவளால ஏலுமா? விழுந்து வச்சா யாரு பாக்குறது?" என்றாள் அம்மா.

நான் அம்மா பக்கம் பேசினேன். அக்காமேல் கரிசனம் பாதி, காரின் முன்சீட்டில் உட்காரும் ஆசை மீதி. பக்கத்திலேயே அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அப்பாதான் கடைசியில் விட்டுக்கொடுத்தார்.

அன்று விடியற்காலையில் துணிக்கூரை போட்ட கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. தெருவே கூடிவிட்டது. அம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. நாங்கள் எங்கே கிளம்பினாலும், வழியனுப்ப வந்தவர்களைப் பார்த்து, "நீங்களும் வாங்களேன்" என்பாள். கேட்டவர்களும், "இருக்கட்டும், நீங்க போயிட்டு வாங்க" என்பார்கள். இரண்டு பக்கமும் மரியாதைக்குச் சொல்வதுதான். ரயிலுக்கும் மாட்டு வண்டிக்கும் செல்லுபடியாகிய அந்த மரியாதை காருக்குச் செல்லவில்லை.

பிரயாணத்துக்கு ஜெபம் பண்ண உபதேசியார் வந்திருந்தார். மோட்டாரையும் டிரைவரையும் தனித்தனியாகக் கர்த்தரிடம் ஒப்படைத்துவிட்டு நிமிர்ந்தவரிடம் அம்மா, "நீங்களும் வாங்களேன்" என்றாள். அவர் காரை ஒருமுறை பார்த்தார். "கர்த்தருக்குச் சித்தமானா வாரேன்" என்று துண்டு எடுத்துவர வீட்டுக்குப் போனார். தளவாய்புரத்திலிருந்து வந்திருந்த சித்தப்பாவும் சித்தியும் பதிலே சொல்லாமல் ஏறிவிட்டார்கள். எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மாள், "சரே" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு சித்தி பக்கத்தில் இடம் பிடித்தாள்.

அக்கா கம்பை ஊன்றி வாசலுக்கு வந்தபோது, முன்சீட்டில் அப்பாவும் உபதேசியாரும் உட்கார்ந்துவிட்டார்கள், எனக்கே இடமில்லை. மிச்சமிருந்தது அம்மா உட்கார்ந்திருந்த ஓரம் ஒன்றுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லாரையும் பிடித்து இறக்கியிருப்பேன். ஆனால் வாங்க என்று கூப்பிட்டு ஏற்றியவர்களை இறங்கச் சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. அம்மாவின் முகம் செத்துவிட்டது. "ஏட்டி, நீ ஏறு. நான் வீட்ல இருந்துக்கிடுதேன்" என்று இறங்கப் போனாள்.

"யாரும் வீட்ல இருக்க வேண்டாம்" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏலே தம்பி, ரயிலுக்கு நேரம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"அப்ப நாம ரெண்டு பேரும் அதுல வருவோம். நீங்க முன்னால போங்கம்மா."

ஸ்டேஷனில் படி உயரமாகத்தான் இருந்தது. தூக்கிவிடக் கையை நீட்டினேன். நீட்டிய கையில் அவள் கம்பைக் கொடுத்தாள். இரண்டு பக்கத்துக் கம்பியையும் பிடித்து ஒரு எம்பு எம்பி உள்ளே போய்விட்டாள். நாள் தவறாமல் ஆட்டுக்கல்லில் மாவாட்டிய கைகள். சங்கரன்கோவில் தாண்டும் வரை ஜன்னலை விட்டு அவள் முகத்தைத் திருப்பவே இல்லை.

தென்காசியில் பிடித்த குதிரை வண்டி அருவிச் சத்தம் காதை அடைக்கும் இடம் வரை போய் நின்றது.

"வண்டி இம்புட்டுக் கிட்டக்க வருமால?" என்றாள்.

"வரும்க்கா."

"எல்லா வருஷமும் வருமா?"

வரும் என்றேன். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெண்கள் குளிக்கும் பக்கம் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

பாரம் தாங்காமல் வாசுதேவநல்லூர் பக்கம் கொதித்து நின்றுபோன கார் பிற்பகலில்தான் வந்து சேர்ந்தது. அக்கா தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"யாருட்டி உன்னைத் தூக்கிட்டு வந்தா?" என்றாள் அம்மா.

"யாரும் தூக்கலம்மா."

அம்மா அந்த ஈரப்பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏலாது ஏலாதுன்னு நான்தானே சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

மறுநாள் ஊர் திரும்பும்போது, அம்மா காரில் ஒருவருக்கு இடம் ஒழித்து வைத்துவிட்டு அக்காவைத் தேடி வந்தாள். அக்கா என்னோடு குதிரை வண்டியில் ஏறி உட்கார்ந்தாயிற்று. அம்மா ஊரை அழைக்கும் அதே குரலில் அக்கா, "நீங்களும் வாங்களேன்" என்றாள். அம்மா காரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எங்கள் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

தென்காசியில் ரயில் வந்து நின்றதும், அக்காவைத் தூக்கிவிட அம்மாவின் இரண்டு கையும் தானாக நீண்டன. தூக்கப் போகாமல் ஒதுங்கி நின்ற என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒரு கையைக் கீழே போட்டுவிட்டு, மற்றதில் அக்காவின் கம்பை வாங்கிக்கொண்டாள்.