சூளை எரிந்தபோது பேசாமல் விட்டது

அக்கா இல்லாமல் ஓராண்டு கடந்துவிட்டது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். எழுதுவதும் கிழிப்பதுமாகச் சில நாட்கள் போயின. அக்காவின் நல்ல குணங்களை எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. மற்றதை எழுதலாமா என்றுதான் தெரியவில்லை. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா நல்லூரில் பிறந்தார். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். கரும்பும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் போடுவார். நான் பள்ளியில் சேரும் முன்பே அம்மா காலமாகிவிட்டதால், எனக்குத் தலை பின்னிவிட்டது முதல் கல்லூரியில் சேர்த்தது வரை எல்லாம் அக்காதான். அவருடைய படிப்பு பத்தாவதோடு நின்றது. அதைப் பற்றி ஒருநாளும் அவர் குறை சொல்லிக் கேட்டதில்லை.

விருத்தாசலத்தில் செராமிக் கொட்டகை வைத்திருந்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். வீடுகளில் மின்சாரப் பலகையில் மாட்டும் பீங்கான் பியூஸ் கட்டைகளை அங்கே செய்தார்கள். வீட்டையும் கொட்டகையையும் மாமா அக்காவின் பெயரிலேயே வாங்கினார். "நான் எப்பவும் வண்டியிலயே சுத்தறவன், உம்பேர்லயே இருக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். சாலையில் லாரி மோதி மாமா போனபோது, பெரியவள் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். சின்னவன் தவழ்ந்துகொண்டிருந்தான்.

கருமாதி முடிந்ததும் அக்கா கொட்டகைக்குப் போனார். மாமாவின் தம்பியான சின்ன மாமா சூளையைப் பார்த்துக்கொண்டார். சரக்கு அனுப்புவது, சென்னைக் கடைக்காரர்களிடம் பேசுவது எல்லாம் அக்கா. வேலைக்கு வரும் பெண்கள் கைக்குழந்தையைத் தூக்கி வந்தால், தூளி கட்டுவதற்கென்றே கொட்டகையில் ஓர் ஓரத்தை ஒழித்து வைத்திருந்தார்.

பிறகு அவருக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்றார்கள். புதுச்சேரிக்கும் விருத்தாசலத்துக்குமாக அலைந்தோம். ஒருநாள் திரும்பும் வழியில், "வக்கீலப் பாக்கணும், நீயும் வா" என்றார் அக்கா.

உயிலா, குடும்ப டிரஸ்டா என்பதுதான் கேள்வி. வக்கீல் பொறுமையாகச் சொன்னார். "உயிலுன்னா நீங்க இருக்கற வரைக்கும் எப்ப வேணா மாத்தலாம்மா. ஆனா உங்களுக்கு அப்பறம் சொத்து மைனர் புள்ளைங்க பேருக்கு வந்துடும். ஒண்ண விக்கணும், அடமானம் வெக்கணும்னா கோர்ட்டு உத்தரவு வேணும். பதினெட்டு ஆனதும் அவங்க கையில போயிடும். டிரஸ்டுன்னா இன்னிக்கே சொத்த அதுக்கு எழுதிக் குடுத்துடணும். டிரஸ்டிங்க கொட்டகைய நிக்காம நடத்தலாம். புள்ளைங்க எந்த வயசுல வாங்கிக்கணும்னு நீங்களே எழுதலாம்."

"பதினெட்டு வயசுல கையில குடுத்தா, சூளைய சூட்டோட பிரிக்கற கதைதான். எல்லாம் விண்டு போவும்" என்றார் அக்கா. டிரஸ்ட் என்று முடிவானது. நானும் சின்ன மாமாவும் டிரஸ்டிகள்.

அக்காவின் மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. நானும் அவரை அத்தை என்றே அழைப்பேன். "டிரஸ்டுன்னா கோயிலுக்கு எழுதி வெக்கறது தான? எம்மவன் சம்பாரிச்சத உண்டியல்ல போடப் போறியா?" என்று சத்தம் போட்டார்.

"அந்த உண்டியலு ஒங்க மடியில ஒக்காந்து முறுக்கு தின்னுது பாருங்கத்த" என்று சின்னவனைக் காட்டினார் அக்கா. அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பதிவு அலுவலகத்தின் படிகளை அக்காவால் ஏற முடியவில்லை. அலுவலர் காருக்கே வந்து கைரேகை வாங்கினார். வெளியே வந்த வக்கீல் ஒன்று சொன்னார். "இது சொத்துக்கு மட்டுந்தாம்மா. புள்ளைங்க யார்கிட்ட வளரணும்னு இதுல வராது. அதுக்கு ஒரு உயில் எழுதி, கார்டியன் பேரு போட்டுடுங்க. தள்ளிப்போடாதீங்க."

"இன்னிக்கு சூளை பத்த வெக்கறோம் சார். பிரிச்சதும் வரேன்" என்றார் அக்கா.

சூளை எரியும்போது சாவையும் பிரிவையும் பேசக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். பேசினால் உள்ளே சரக்கு வெடித்துவிடும் என்பார்கள். சூளை வாசலை அடைத்த செங்கல்லைப் பிரிக்கும் வரை, அந்த வீட்டில் யாரும் ஒப்பாரிப் பாட்டுகூட முணுமுணுக்க மாட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று மாலை, "அக்கா, புள்ளைங்க விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாண்டி. சூளை எரியுது."

நான் நிறுத்திக்கொண்டேன். நோயாளியிடம் வற்புறுத்துவதா என்றும் தோன்றியது. அவர் யார் பெயரைச் சொல்வார் என்ற பயமும் இருந்தது. என் மகனுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை.

சூளை ஆறிக்கொண்டிருந்தபோது அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். வீட்டுக்கு அக்காவின் உடல்தான் வந்தது. காரியம் முடிந்து சின்ன மாமா சூளையைப் பிரித்தார். சரக்கில் ஒரு விரிசல் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அழுததை நான் பார்த்தேன்.

கருமாதியன்று பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. "கைக்கொழந்தைய வெச்சிக்கினு ரெண்டையும் எப்பிடிம்மா பாப்ப? எம் பேரன் எங்கிட்ட இருக்கட்டும்" என்றார் அத்தை. அவர் சொன்னது அக்கறையில்தான். என் மேல் இருந்த இரக்கத்தாலும்தான். என்னால் முடியும் என்று எனக்கும் உறுதியாகச் சொல்ல வரவில்லை. பெரியவள் எங்களோடு இருக்கிறாள். சின்னவன் எங்கள் மாவட்டத்திலேயே உள்ள மங்களூர் கிராமத்தில் அத்தையோடு இருக்கிறான். கொட்டகை அக்கா எழுதியபடி ஒரு நாளும் நிற்காமல் நடக்கிறது.

போன மாதம் பெரியவள் கேட்டாள். "சித்தி, கொட்டகை எனக்கும் தம்பிக்கும்னு அம்மா எழுதியிருக்காங்க இல்ல? நாங்க ரெண்டு பேரும் யாருக்குன்னு எழுதலியா?"



அக்காவைப் புதுச்சேரிக்கு அழைத்துப்போன கார் ஓட்டுநர், இரத்தம் கொடுத்த கொட்டகைத் தொழிலாளர்கள், கடைசிவரை முகம் சுளிக்காத வக்கீல், பேரனை நெஞ்சில் போட்டுத் தூங்கவைக்கும் அத்தை, எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

திதி முடிந்து சாப்பிட்டதும் யாரும் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட வேண்டாம். அத்தை சின்னவனோடு வருகிறார். பெரியவளும் இருப்பாள். இருவரும் ஒரே வீட்டில் வளர ஒரு வழியை அன்றே உட்கார்ந்து பேச வேண்டும். சின்ன மாமாவிடம் கேட்டுவிட்டேன். அன்று சூளை எரியாது.