கண்ணுபடக் கூடாதென்று கட்டிய கயிறு

ஜூலி எங்கள் வீட்டு பொமரேனியன். கழுத்துப் பக்கம் சீப்பைக் கொண்டுபோனாலே கடித்துவிடும். முடியெல்லாம் சடைபிடித்து நாறியது. என் கணவர் கடைசியாகச் சொல்லிவிட்டார்: "இன்னா நாய் இது! நாளைக்கு பாலாத்துப் பக்கம் வுட்டுட்டு வந்துர்றேன்."

வேறு வழி தெரியாமல், அழுதுகொண்டே அதன் வாயைத் துண்டால் கட்டி, முடியை வெட்டத் தொடங்கினேன். பயத்தில் ஜூலி மூத்திரம் போய்விட்டது. பிடித்துக்கொள்ள வந்த பக்கத்து வீட்டு செல்வி திடீரென்று கத்தினாள்.

"நிறுத்துக்கா! கயிறு சதைக்குள்ள பூந்துகினு கீதுக்கா!"

குட்டியாக வந்தபோது கண்ணுபடக் கூடாதென்று நான் கட்டிய கறுப்புக் கயிறு. ஜூலி வளர்ந்த பிறகும் அவிழ்க்கவில்லை. முடிக்குள் மறைந்ததும் மறந்தே போனேன்.

உத்திரமேரூர் மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் அதை அறுத்தெடுத்தார். வீட்டுக்கு வந்து, கடிக்கட்டும் என்றுதான் கழுத்தருகே கையை வைத்தேன். ஜூலி கடிக்கவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.