கசெட்டில் இல்லாத சுரம்

காலை 8.40. பாபகூரா ஸ்டேஷனில் ரயில் ஏறிவிட்டேன். ஆக்லாந்துக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர். என் விசா இன்றோடு முடிகிறது, மாலை 6.30க்கு சிட்னி வழியாக ஊருக்கு விமானம். நான் கேட்கத் துடிக்கும் இத்தாலியப் பாடகரோ இரவு எட்டு மணிக்குத்தான் பாடுகிறார்!

"பிளேனை விட்டிட்டுப் பாட்டுக் கேட்டீரெண்டா, பிறகு உம்மைக் கோழிக்கூட்டுக்கைதான் ஒளிச்சு வைக்கோணும்," என்றார் வழியனுப்ப வந்து ஜன்னலோரம் நின்ற சிவம் அண்ணர். யாழ்ப்பாணத்துக்காரர், மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுபவர். இரண்டு நாளாக அவர் வீட்டில்தான் சாப்பாடு.

"காலையில ஒத்திகை இருக்குண்ணே. ஓரமா நின்னு கேட்டுட்டு ஓடி வந்துடுவேன்."

"ஓம், ஓம், போம். மூண்டு மணிக்கு ஸ்டேசன் வாசல்லை காரோட நிப்பன். பிந்தினா உம்மடை பெட்டி மட்டும்தான் சிட்னி போகும்."

மனுரேவா ஸ்டேஷன் தாண்டும்வரை சட்டைப்பையில் இருந்த கசெட்டைத் தடவிக்கொண்டே இருந்தேன். பால்பண்ணைப் படிப்புக்கு இந்த நாட்டுக்கு வந்த புதிதில், விடுதி ரேடியோவில் பதிந்தது. அந்தக் குரலை எப்படிச் சொல்ல? அடியில் வெண்கல அண்டா, ஏற ஏற வாள்முனை. முப்பது வயதுவரை கீழ்க்குரல் பாடகராக இருந்தவராம். பிறகுதான் மேல்ஸ்தாயி திறந்ததாம். அதற்கப்புறம் இசை நாடகங்களில் தளபதி, துரோகி என்று கனமான வேஷமெல்லாம் அவருக்கே. இப்போது வயது அறுபதுக்கு மேல். இதுதான் கடைசிச் சுற்றுப்பயணம்.

கசெட்டில் இருப்பது போருக்குக் கிளம்பும் ஒருவன் விடைபெறும் பாட்டு. படிப்படியாக ஏறி, உச்ச சுரத்துக்காக மூச்சு இழுப்பார். அந்த மூச்சுகூடக் கேட்கும். டக்! நாடா தீர்ந்துவிடும். இரண்டு வருடமாக அந்த மூச்சிலேயே நிற்கிறேன்.

10.10. நகர மண்டபத்தின் பக்கவாசல். காவலுக்கு ஒரு சமோவா அம்மாள்.

"ராத்திரிக்குத்தானே டிக்கெட்?"

"ராத்திரி நான் வானத்துல இருப்பேங்க."

சிரித்துவிட்டாள். "கடைசி வரிசை. இருமினா வெளியே தள்ளிடுவேன்."

மேடையில் குள்ளமான ஒரு மனிதர், கழுத்தில் கம்பளி மப்ளர். 11.20க்கு என் பாட்டு வந்தது. பாதிக் குரல்தான், ஆனாலும் வெண்கலம் வெண்கலமே. ஏறினார். மூச்சை இழுத்தார். அதே மூச்சு! நான் என் மூச்சை நிறுத்தினேன்.

அவர் அந்தச் சுரத்தைக் கீழ்ஸ்தாயியில் முணுமுணுத்துவிட்டு, ஒரு விரலைக் கூரையை நோக்கி உயர்த்திக் காட்டினார். வாத்தியங்கள் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

"என்னங்க இது?" என்றேன் அம்மாளிடம்.

"ஒத்திகையில யாருப்பா முழுக்குரல் குடுப்பாங்க? அவர் வயசுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் அது வரும். இடைவேளைக்கு முந்தின பாட்டு. 8.50க்குப் பாடுவார்."

3.00. சிவம் அண்ணர் காரில் காத்திருந்தார். "கேட்டீரோ?"

"விரலைக் காட்டினாருண்ணே."

சிரிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

விமானத்துக்குக் கீழே கடல். மேற்கே பறந்ததால் வெளிச்சம் இன்னும் மறையவில்லை. கடிகாரத்தை சிட்னி நேரத்துக்கு மாற்றச் சொன்னார்கள், நான் மாற்றவில்லை. 8.50 ஆனதும் மூச்சை இழுத்துப் பிடித்தேன். அவர் விரல் காட்டிய உயரத்தில் நான் இருந்தேன். சுரம் கீழே, அந்த மண்டபத்தில் இருந்தது.