தைவானுக்கு வேங்கிக்கால் வழியாக

போன பௌர்ணமிக்கு முந்தின பௌர்ணமி. மதியம் மூன்று மணிக்கு என் வீட்டு வாசலில் சுகந்தி நின்றாள். கையில் லேப்டாப். முகமெல்லாம் வியர்வை.

"அக்கா, உங்க வீட்ல வைஃபை வருதில்ல? அஞ்சரைக்கு இன்டர்வியூ. எங்க பக்கம் சிக்னலே சுத்தமா இல்ல."

சுகந்தி யார்? அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் சோடாக் கடை வைத்திருக்கும் மாணிக்கத்தின் மகள். நம் மாவட்டத்தில் தைவான்காரர்கள் நடத்தும் ஷூ கம்பெனி ஒன்றில் மொழிபெயர்க்கும் வேலை. சூப்பர்வைசர்களிடம் பேசிப் பேசியே சீன மொழியைக் கற்றுக்கொண்ட கெட்டிக்காரி. ஆனால் பாருங்கள்... பௌர்ணமி என்று பார்க்காமல் இன்டர்வியூவுக்குத் தேதி கொடுத்திருக்கிறாள்! ஊருக்கு வந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் செல்போனை எடுத்தால், பாவம், டவர் என்ன செய்யும்? பஸ்ஸும் ஆட்டோவும் கிடையாது. கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே, மலைக்கு மறுபக்கம் இருக்கும் எங்கள் வேங்கிக்காலுக்கு வந்திருக்கிறாள்.

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம். அதில் தைவான் ஆய்வு மையம். அங்கே ஆராய்ச்சி செய்ய, உதவித்தொகையோடு ஓர் இடம் — ஒரே ஓர் இடம். இரண்டு வருடமாக அவளுக்கு இதே நினைப்புதான்.

"தைவானப் படிக்கணும்னா தைவானுக்குத்தான போவணும்? இங்கிலாந்துல இன்னா இருக்குது?" என்று மாணிக்கம் கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்கும் அதே சந்தேகம்தான். வெளியே சொன்னதில்லை.

தைவானின் தேர்தல், கோயில், சினிமா, சாப்பாடு... எல்லாவற்றையும் அங்கே ஆராய்கிறார்களாம். மழை பெய்யும் ஏதோ ஒரு நகரத்தில், மாடி அறையில் ஒருவர் உட்கார்ந்து தூரத்துத் தீவு ஒன்றைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறார் — நினைக்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா? அந்தத் தீவுக்கு இது தெரியுமா?

ஐந்தரைக்கு ஆரம்பித்தது. நான் சமையலறையில், காது மட்டும் ஹாலில். சீனத்தில் பேசினாள், இங்கிலீஷில் பேசினாள். கடைசியில் ஒரு பேராசிரியை, அவளுக்குப் பின்னால் ஜன்னலில் தெரிந்த மலையைப் பற்றிக் கேட்டார். சுகந்தி கிரிவலத்தை விளக்கினாள்.

"ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

சுகந்தி தடுமாறினாள். "தெரியாது. நான் சுற்றியதே இல்லை."

நிஜம்தான். பௌர்ணமி வந்தால் அந்தக் குடும்பத்துக்குக் கடை. ஊரே சுற்றும்; அவர்கள் சோடா உடைப்பார்கள்.

லேப்டாப்பை மூடியதும் அழுதுவிட்டாள். "வாசல்ல இருக்கற மலையே தெரில, இவ தைவானப் பத்தி என்னத்த எழுதப் போறானு நெனச்சிருப்பாங்கக்கா."

காபி கொடுத்தேன். கிளம்பினாள். வந்த வழியே திரும்ப முடியுமா? கிரிவலத்தில் யாரும் எதிர்த்திசையில் நடப்பதில்லை. அன்றைய கூட்டத்தில் நடக்கவும் முடியாது. மிச்ச மலையையும் சுற்றித்தான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். துணைக்கு நானும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நிலா வந்துவிட்டது. செங்கம் ரோட்டில் சுகந்தி நின்றுவிட்டாள். பஸ்ஸில் நூறு முறை போன ரோடுதான். ஆனால் பஸ்ஸிலிருந்து யார் மலையைப் பார்க்கிறார்கள்? இங்கே ஒரு மாதிரி இருந்தது. கொஞ்சம் தள்ளிப் போனால் இன்னொரு மாதிரி. முகம் திருப்பித் திருப்பி ஏதோ சொல்ல வருவது போல...

"அக்கா, இது எங்க மலைதானா? இவ்ளோ வருசமா ஒரு பக்கத்தையே பாத்துனு இருந்திருக்கேன்."

நடந்துகொண்டே இருந்தோம். ஆயிரம் பாதங்களின் சத்தம் மட்டும். நடக்கிறோமா, மிதக்கிறோமா என்றே தெரியவில்லை. எனக்குக் கால் வலித்ததுகூட மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் காலை சிக்னல் வந்ததும் பேராசிரியைக்கு ஒரு மெயில் போட்டாள். 'உங்கள் கேள்விக்குப் பதில்: இன்டர்வியூவுக்கு முன்னும் பின்னும் நடந்ததைக் கூட்டினால் மூன்றே முக்கால் மணி நேரம். எங்கள் வாசலிலிருந்து மலையின் ஒரு பக்கம்தான் தெரியும். தள்ளிப் போய்ச் சுற்றினால்தான் மற்ற பக்கங்கள் தெரிகின்றன. தைவானைப் படிக்க உங்களிடம் வர நினைப்பதும் இதற்குத்தான்.'

இடம் கிடைத்துவிட்டது! அந்த மெயிலால்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். சுகந்தி சிரிக்கிறாள்.

போன பௌர்ணமியன்று மாணிக்கத்துக்கு வாழ்த்துச் சொல்லலாம் என்று போனேன். நல்ல வியாபார நேரம். கடை பூட்டியிருந்தது.

பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்: "பொண்ணு அவர இட்டுனு போயிருக்குதும்மா... மலை சுத்த."